தொட்டேன், பார்த்தேன், சொன்னார்கள்

ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் கம்பெனியிலிருந்து நிவேதா போன் செய்தாள். புதிதாக வரும் இன்டர்ன் பிள்ளைகளைக் கவனிக்கும் பொறுப்பில் இருக்கிறவள். நல்ல பெண், கொஞ்சம் அவசரக்காரி.

"மேடம், நீங்க இங்க டிரெயினியா வந்து, இங்கயே முப்பத்தஞ்சு வருஷம் இருந்து, இங்கயே ரிட்டயர் ஆனவங்க. இன்டர்ன்ஷிப் எப்படி ஒரு பெரிய கேரியருக்கு வழி போட்டுச்சுன்னு ரெண்டு பக்கம் எழுதித் தாங்க. புதுப் பிள்ளைங்க கையில குடுக்கணும். கொஞ்சம் மோட்டிவேஷனலா இருக்கட்டும் மேடம்."

"பயமுறுத்துற மாதிரி இருந்தா பரவாயில்லையா?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது பயம். கடைசி நாள் வரை அதில் இருக்க வைத்ததும் அதுதான். வேறு மாதிரி எழுதினால் பொய்யாகிவிடும். பொய் எழுதினால் என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் கம்பெனி சமயநல்லூரைத் தாண்டி மெயின் ரோட்டின் மேலேயே இருக்கிறது. இப்போது என்னென்னவோ செய்கிறார்கள். நான் சேர்ந்தபோது ஒரே தொழில்தான்: மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் குவாரிகளுக்குக் கல் தூக்கும் கிரேன். தரையில் நட்ட எழுபதடி இரும்புக் கம்பம், அதன் அடியிலிருந்து சாய்வாக நீளும் கை. அந்தக் கைக்கு பூம் என்று பெயர். கம்ப உச்சியில் ஒரு கப்பி. அந்தக் கப்பி வழியாக வரும் கம்பிவடம்தான் பூமைத் தாங்கிப் பிடித்திருக்கும். கப்பியைத் தாங்குவது முழங்கைப் பருமனில் ஓர் இரும்புப் பின். அந்தப் பின் கழன்று வராமல் இருக்க அதன் நுனித் துளையில் ஒரு ஸ்பிளிட் பின் மாட்டி, இரண்டு காலையும் மடக்கிவிட வேண்டும். பார்க்கக் கொண்டை ஊசி மாதிரி இருக்கும். அது இல்லாவிட்டால் கிரேன் உடனே விழாது. ஒவ்வொரு கல்லைத் தூக்கும்போதும் பெரிய பின் மயிரிழை மயிரிழையாக வெளியே நகரும். ஒரு நாள் முழுதாக வெளியே வரும். அன்றைக்குக் கீழே யார் நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

படிப்பு முடிந்து ஆறு மாதப் பயிற்சிக்கு நான்கு பேர் சேர்ந்தோம். மூன்று பையன்கள், நான். முடிவில் ஒருவருக்குத்தான் வேலை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். நாகமலை புதுக்கோட்டையில் என் வீட்டில் அம்மா வேறு ஒன்று சொல்லியிருந்தாள்.

"ஆறு மாசம் போயிட்டு வா. வேலை ஆர்டர் குடுத்தாங்கன்னா இரு. குடுக்கலைன்னா தேனி மாப்பிள்ளை வீட்டுக்கு நாங்க சரின்னு சொல்லிருவோம். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காரக் கூடாது."

தேனி மாப்பிள்ளை நல்லவராகவே இருந்திருக்கலாம். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எனக்கு அந்த ஆர்டர் வேண்டும், அவ்வளவுதான்.

பயிற்சியின் முதல் மூன்று மாதத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வரைபடம் படித்தோம், வெல்டிங்கைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தோம், டீ வாங்கிக் கொடுத்தோம். நான்காவது மாதத்தில்தான் தேவசகாயம் சாரிடம் அனுப்பினார்கள்.

சோதனைப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒல்லி, சட்டைப் பையில் எப்போதும் மடித்த கைக்குட்டை. குரலை உயர்த்தி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. டிரெயினிகளைக்கூட வாங்க, போங்க என்றுதான் சொல்வார். திட்டுகிறவரிடம் பயம் சீக்கிரம் விட்டுப்போகும். இவரிடம் விடவே இல்லை.

அவர் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று உண்டு. குவாரியில் கிரேனை நட்டு நிறுத்தியதும் டிரெயினி ஒருவர் ஒவ்வொரு பாகமாகப் பார்த்து ஒரு தாளை நிரப்ப வேண்டும். சரி, தவறு என்றெல்லாம் அதில் இருக்காது. ஒவ்வொரு பாகத்துக்கு நேராகவும் மூன்று கட்டம்: தொட்டேன், பார்த்தேன், சொன்னார்கள். ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும். தொட்டேன் என்றால் கை வைத்து அசைத்துப் பார்த்தாயிற்று. பார்த்தேன் என்றால் கண்ணால் மட்டும். சொன்னார்கள் என்றால் மாட்டியவர்கள் சொல்லித்தான் தெரியும். சொன்னார்கள் என்று போட்டதற்காக யாரையும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஆனால் உச்சிப் பின்னுக்கு நேராகத் தொட்டேன் தவிர வேறு எதில் டிக் இருந்தாலும் தாள் திரும்பிவிடும். கிரேன் ஓடாது.

"உங்க கையெழுத்துக்குக் கீழதான் என் கையெழுத்து. அதுக்கு மேல யாரும் ஏறிப் பாக்கப் போறதில்ல," என்று முதல் நாள் சொன்னார். அந்தப் பேச்சு ஏதோ விதிமுறை மாதிரி என் காதில் விழுந்தது. அவ்வளவுதான்.

மேலூருக்கு என்னை அனுப்பியது ஒரு வெள்ளிக்கிழமை. கிரேனை நிறுத்திய குழுவுக்குத் தலைவர் மூக்கையா அண்ணன். கீழே இருந்த எல்லாவற்றையும் தொட்டேன். பொய் இல்லை, ஒவ்வொரு போல்டையும் தொட்டேன். பிறகு இடுப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டு கம்பத்து ஏணியில் ஏறினேன்.

எனக்கு உயரம் பயம் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்கள் வீட்டில் மாடி கிடையாது. பாதிக் கம்பம் வரை எண்ணிக்கொண்டே ஏறினேன். பிறகு ஒரு காற்று அடித்தது. பெரிய காற்றுகூட இல்லை. கம்பம் அசைந்த மாதிரி இருந்தது. கீழே பார்த்தேன். வெட்டிய குழி, அதன் நடுவே குட்டை குட்டையாகத் தேங்கிய பச்சைத் தண்ணீர், எறும்பு அளவில் ஆட்கள். கை விரல்கள் இரும்பைவிட்டு வரவில்லை. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது.

"பாப்பா, கண்ணை மூடாத! கால மட்டும் கீழ வையி!" என்று மூக்கையா அண்ணன் கத்திக் கத்தி என்னை இறக்கினார்.

இறங்கியதும் அவரே தண்ணீர் கொடுத்தார். "நாந்தேன் மாட்டுனேன் தாயி. ஸ்பிளிட் பின்னு போட்டு, காலையும் மடக்கிவிட்டுட்டேன். நீ பயப்படாம எழுது."

நான் எழுதியிருக்க வேண்டியது சொன்னார்கள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அப்படிப் போட்டால் நாளைக்கு அந்த மூன்று பையன்களில் ஒருவனை அனுப்புவார்கள். அவன் ஏறி இறங்கிவிட்டு வருவான். பொம்பளைப் பிள்ளையால் ஏற முடியவில்லை என்று கேன்டீன் வரை தெரிந்துவிடும். ஆர்டர் போய்விடும். மூக்கையா அண்ணன் பொய் சொல்கிற ஆளும் இல்லை.

தொட்டேன் என்று டிக் போட்டேன். ஒரு விநாடிகூட ஆகவில்லை.

சனிக்கிழமை தேவசகாயம் சார் தாளை வரி வரியாகப் படித்தார். உச்சிப் பின்னுக்கு வந்ததும் விரல் நின்றது.

"தொட்டீங்களா?"

"தொட்டேன் சார்."

"ஸ்பிளிட் பின் கால் எப்படி மடங்கியிருந்துச்சு?"

"ரெண்டும் ரெண்டு பக்கமா விரிஞ்சிருந்துச்சு சார்."

வாய் தானாகச் சொன்னது. அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை காலையிலிருந்து கிரேன் ஓடும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா, காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள் என்பதே எனக்கு உறுத்தியது. சார் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டார்? தெரிந்து கேட்டாரா, வழக்கமாகக் கேட்பதா? கால் மடங்கியிருக்கும் விதம் வேறாக இருந்தால்? அதுகூடப் பரவாயில்லை. அங்கே அது இல்லவே இல்லை என்றால்?

திங்கட்கிழமை மேசையில் உட்கார்ந்து ஒரு வேலையும் ஓடவில்லை. ஒன்பது மணிக்கு முதல் கல். கால் மணிக்கு ஒரு கல் என்றால் இப்போது நான்காவது, இப்போது ஏழாவது. ஒவ்வொரு கல்லுக்கும் அந்தப் பின் நகர்வதாக எனக்கு ஒரு படம் ஓடிக்கொண்டே இருந்தது. பதினொரு மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. எடுத்தவர் உரக்கச் சொன்னார்: "மேலூர் குவாரியில இருந்து."

செத்தது எத்தனை பேர் என்றுதான் மனம் முதலில் கேட்டது.

கிரீஸ் டப்பா ஒன்று குறைவாக வந்திருக்கிறதாம். அதற்காக யாரோ பஸ் ஸ்டாண்ட் கடையில் நின்று பேசியிருக்கிறார்கள். குவாரியில் போன் கிடையாது. அடுத்த போன் வரும் வரை என்னால் உட்கார்ந்திருக்க முடியாது என்று அப்போது தெரிந்துவிட்டது. எழுந்து சார் அறைக்குப் போனேன்.

"சார், மேலூர் கிரேன் உச்சிப் பின்ன நான் தொடல."

"பாத்தீங்களா?"

"பாக்கல சார். மூக்கையா அண்ணன் சொன்னாரு."

"எம்புட்டுத் தூரம் ஏறுனீங்க?"

"பாதி."

அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஜீப்ப எடுக்கச் சொல்லுங்க. நீங்களும் வாங்க," என்றார்.

சமயநல்லூரிலிருந்து மேலூருக்கு மதுரை ஊருக்குள் புகுந்துதான் போக வேண்டும். கோரிப்பாளையத்தில் ஜீப் நகரவே இல்லை. முன்னால் ஒரு கரும்பு லாரி. நான் மனதுக்குள் கல் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று, பன்னிரண்டு. திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. ஒத்தக்கடை தாண்டியபோது சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"காலைல சாப்பிட்டீங்களா?"

"இல்ல சார்."



குவாரியில் நாங்கள் இறங்கும்போது பூமில் ஒரு பெரிய கல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி ஆட்கள். எண்ணினேன், ஏழு பேர். நான் கத்திக்கொண்டே ஓடப் போனேன். சார் கையை நீட்டித் தடுத்தார்.

"ஓடாதீங்க. கத்தாதீங்க. கத்துனா கிரேன் டிரைவர் பயந்து சடார்னு பிரேக் போடுவான். அந்தக் குலுக்கு நேரா உச்சிக்குப் போகும்."

அவர் நடந்தார். கல்யாண வீட்டுக்குள் போகிற மாதிரி நடந்தார். டிரைவர் கண்ணில் படும் இடத்தில் நின்று, ஒரு விரலைக் கீழே காட்டி மெதுவாகச் சுழற்றினார். டிரைவர் மேஸ்திரியைப் பார்த்தான். சார் விரலை நிறுத்தவில்லை. கல் அங்குலம் அங்குலமாக இறங்கியது. நான் பார்த்தது கல்லை இல்லை, உச்சியை. கல் தரையைத் தொட்டு, வடம் தொய்ந்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"எல்லாரும் அந்தப் பாறைக்கு அப்பால போங்க."

மேஸ்திரி ஓடி வந்தார். "என்னா சார் இது, லோடு ஏத்துற நேரத்துல? அரை நாள் வேல போச்சுன்னா எங்க ஓனர் என்னைய உரிச்சுப்புடுவாரு."

"உரிக்கச் சொல்லுங்க. நான் வந்து பேசுறேன்," என்று சொல்லிவிட்டு சார் ஷூவைக் கழற்றினார். அவரே ஏறினார். அந்த வயதில் எழுபதடி. அவர் இறங்கி வரும்வரை நான் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"இருக்கு," என்றார் மூச்சு வாங்க. "ரெண்டு காலையும் ஒரே பக்கமா சுத்தி மடக்கியிருக்கான். நல்லாத்தான் போட்டிருக்கான் மூக்கையா."

நான் அழுதேன். எல்லோர் முன்னாலும் அழுதேன். சார் அதைக் கவனிக்காதவர் போல ஜீப்பிலிருந்து தாளை எடுத்து வந்து நீட்டினார்.

"இப்பச் சரியா நிரப்புங்க."

தொட்டேன் டிக்கை அடித்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, சொன்னார்கள் கட்டத்தில் டிக் போட்டேன்.

"யாரு சொன்னா?"

"நீங்க சார்."

"அப்ப கிரேன் ஓடாது. நாளைக்கு வேற ஆள அனுப்பட்டுமா?"

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். அதனால்தான் என்னால் ஏறுகிறேன் என்று சொல்ல முடிந்தது. அவர் என் பின்னால், எனக்கு இரண்டு படி கீழே ஏறி வந்தார். பழைய இடத்தில் மறுபடி கை இறுகியது.

"நின்னுக்கங்க. அவசரமில்ல. பயந்தவங்கதான் பெல்ட்ட ஒழுங்கா மாட்டுவாங்க," என்று கீழிருந்து குரல் மட்டும் வந்தது. நின்றேன். பிறகு ஏறினேன். உச்சியில் அந்தப் பின் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. விரல் சுட்டது. கையை எடுக்காமல் அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. இறங்கி வந்து ஒரு பாறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். வயிற்றில் ஒன்றும் இல்லாததால் தண்ணீர்தான் வந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் கம்பெனியில் டிரோன் வாங்கினார்கள். அது பறந்து போய் உச்சியைப் படம் பிடித்து வரும், யாரும் ஏற வேண்டாம். பழைய ஆள் என்பதால் நான் எதிர்ப்பேன் என்று எதிர்பார்த்தார்கள். எனக்குச் சந்தோஷம்தான். எழுபதடி ஏறுவதில் என்ன பெருமை? முப்பத்தைந்து வருடமும் ஒவ்வொரு தடவையும் பாதிக் கம்பத்தில் என் கை இறுகியது, அந்தப் பயம் ஒரு நாளும் போகவில்லை. ஆனால் ஒரு பையன் டேப்லெட்டை நீட்டி, "மேடம், டிரோன் படத்துக்கு எந்தக் கட்டம்? தொட்டேனா, பார்த்தேனா?" என்று கேட்டான். "சொன்னார்கள்," என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. அதற்காக மூன்று கூட்டம் போட்டார்கள். இன்னும் முடிவாகவில்லை என்று கேள்வி.

கதைக்கு வருகிறேன். மேலூரிலிருந்து திரும்பிய நாளிலிருந்து பயிற்சி முடியும்வரை, இன்று அனுப்பிவிடுவார்கள், நாளை அனுப்பிவிடுவார்கள் என்றே வேலைக்குப் போனேன். விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மூன்று பையன்களில் ஒருவன் ஆறுதலாகத்தான் சொன்னான்: "யாராச்சும் தானாப் போயி சொல்லுவாங்களா செல்வராணி? அதான் பின்னு இருந்துச்சுல்ல. கம்முனு இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது." இன்னொருவன், "விடு மாப்ள, நமக்கு ஒரு ஆளு கொறஞ்சுச்சு," என்று சிரித்தான். தேனிக்குச் சரி என்று சொல்லிவிடலாம் என அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன்.

கடைசி நாள் சார் கூப்பிட்டார். மேசையில் நான்கு கட்டுத் தாள்கள். என் கட்டு எது என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. மேலூருக்குப் பிறகு என் தாள்களில் தொட்டேனும் பார்த்தேனும் சொன்னார்களும் கலந்து கிடந்தன. அடித்தல் திருத்தல் வேறு. பாதி திரும்பி வந்த தாள்கள்.

"வேலை உங்களுக்குத்தான்," என்றார்.

நான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். "சார், நான் பொய் எழுதுனவ."

"தெரியும். அதான் உங்க மத்த தாளெல்லாத்தையும் திரும்பப் படிச்சேன். அப்புறம் இவங்களோடதையும் படிச்சேன்." மற்ற மூன்று கட்டுகளையும் என் பக்கம் திருப்பி வைத்தார். அழகான கையெழுத்துகள். வரிக்கு வரி தொட்டேன், தொட்டேன், தொட்டேன்.

"மூணு பசங்க, பதினோரு கிரேன். ஒரு சொன்னார்கள்கூட இல்ல. ஒரு அடித்தல்கூட இல்ல. ஒருத்தரும் ஒண்ணையும் விட்டதே இல்லைன்னா, எனக்குப் பயமா இருக்கும்மா." கட்டுகளை ஒன்றாக அடுக்கினார். "எல்லாத்துலயும் என் கையெழுத்து இருக்கு. நாளைக்கே ஏற ஆரம்பிப்போம்."

அப்படித்தான் நான் வேலையில் சேர்ந்தேன். ஆர்டரை அம்மாவிடம் காட்டிவிட்டு, மறுநாள் காலை சாரோடு குவாரிக்குப் போனேன். முதல் கிரேன் சரியாக இருந்தது. இரண்டாவதும் சரி. நாம் வீணாகப் பயந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டுதான் மூன்றாவதில் ஏறினேன்.

அது சாப்பாட்டு நேரம், கிரேன் நின்றிருந்தது. உச்சிக்குப் போய்க் கையை நீட்டினேன். ஸ்பிளிட் பின் இருக்க வேண்டிய துளையில் கட்டுக்கம்பி ஒன்றை முறுக்கி வைத்திருந்தார்கள். கிரேனை நட்ட அன்று ஸ்பிளிட் பின் கீழே விழுந்திருக்கும், அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று யாரோ கட்டியிருப்பார்கள். தொட்டதும் கம்பி என் விரலோடு வந்துவிட்டது. பெரிய பின் தன் இடத்திலிருந்து இரண்டு விரற்கடை வெளியே நகர்ந்திருந்தது.

கீழே பார்த்தேன். பூமின் நிழல் நீளமாகத் தரையில் விழுந்திருந்தது. அந்த நிழலில் வரிசையாக உட்கார்ந்து ஆறு பேர் தூக்குவாளியைத் திறந்து சோறு தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் அண்ணாந்து பார்த்து, சாப்பிட வாங்க என்று எனக்குக் கையைக் காட்டினார்.

நான் கத்தவில்லை. கீழே டிரைவர் பக்கத்தில் நின்ற சாருக்கு மட்டும் தெரியும்படி முதலில் அந்த ஆறு பேரையும் காட்டி, பிறகு விரலைக் கீழே காட்டி, மெதுவாகச் சுழற்றினேன்.